கப்பல் பார்த்தாயிற்று, துறை எங்கே?

திருமணமாகி ஓரிரு ஆண்டுகளே ஆன ஒரு தம்பதி, முதன்முறையாகச் சொகுசுக் கப்பலில் போக விரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பயணத்தைத் தேர்வது என்று அவர்கள் கேட்டால் இன்று தமிழில் இரண்டு பதில்களே கிடைக்கும். முதற்பதில் பயண முகவர்களுடையது: பால்கனி வைத்த அறையாக எடுங்கள், மது பேக்கேஜை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், நீச்சல்குளமும் கேளிக்கை அரங்கும் பெரிதாக உள்ள கப்பலாகப் பாருங்கள். இரண்டாம் பதில் நம் இலக்கிய வட்டாரத்துக்கே உரியது: இதெல்லாம் அற்ப நுகர்வு, மிதக்கும் வணிக வளாகம், அந்தப் பணத்துக்குப் புத்தகம் வாங்கலாம்.

முதல் தரப்பு கப்பலைப் பார்த்து வாய் பிளக்கிறது. இரண்டாம் தரப்பு அதே கப்பலைப் பார்த்து முகம் சுளிக்கிறது. அந்தக் கப்பல் எங்கே போய் நிற்கிறது, அங்கே யார் வாழ்கிறார்கள், இறங்கிப் பார்க்க எத்தனை மணிநேரம் தருகிறார்கள் என்ற கேள்விகளை இரு தரப்பாரும் கேட்டு நான் அறியேன். எனது கட்சி இதுதான்: முதல் கப்பல் பயணத்தைத் தேர்வு செய்பவர்கள் துறையை முதலில் தேர வேண்டும், கப்பலைக் கடைசியில் தேர வேண்டும். இந்த வரிசை தலைகீழாகிப் போனதில் யாருக்கோ லாபம் இருக்கிறது; அந்த லாபத்துக்கு நம் மேட்டிமைத்தனமும் தன்னையறியாமல் துணைபோகிறது.

நம்முடைய தரப்பிலிருந்தே தொடங்குவது நியாயம். சொகுசுக் கப்பல் என்றதும் நம் நண்பர்கள் உடனே டேவிட் ஃபாஸ்டர் வாலஸை இழுத்து வருவார்கள். 1996இல் ஹார்ப்பர்ஸ் இதழில் அவர் எழுதிய நீண்ட கட்டுரை உண்மையிலேயே சிறந்த எழுத்துதான். அளவுக்கு மீறிய உபசாரம் ஒரு மனிதனை எப்படி விரக்திக்குள் தள்ளுகிறது என்பதை அதுபோல் சொன்னவர் குறைவு. ஆனால் அவர் பத்திரிகையின் செலவில், ஏழு இரவுகள், கரீபியக் கடலில், தன்னந்தனியாகச் சென்றவர். அந்தத் தனியனின் விரக்தியை அப்படியே எடுத்துவந்து, சென்னையில் இருவேறு நிறுவனங்களில் இருவேறு நேரமுறைகளில் வேலை பார்க்கும் ஒரு கணவன் மனைவியின் தலையில் கட்டுவது என்ன விமர்சன முறை? விடுப்பு இருவருக்கும் ஒரே வாரத்தில் கிடைப்பதே அபூர்வமாக இருக்கும் வீட்டில், மூன்று நாள் ஒன்றாக இருப்பது அற்பமன்று. "ராத்திரிக்கு என்ன சமையல்?" என்று ஒரு பெண்ணை மூன்று நாள் யாரும் கேட்காமலிருப்பதும் அற்பமன்று. இதை அற்பம் என்று எழுதியவர்களில் எத்தனை பேர் தம் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்திருக்கிறார்கள் என்று கேட்க ஆசை.

தமிழ் படித்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தொல்காப்பிய அகத்திணையியலில் ஒரு நூற்பா, கடல்வழிச் செலவு பெண்ணோடு நிகழ்வதில்லை என்கிறது. அதற்குப் பொருள் கொள்வதில் உரையாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். எனினும் நம் இலக்கியத்தின் கடல் பெரும்பாலும் அந்த விதிக்குக் கட்டுப்பட்ட கடலாகவே இருந்திருக்கிறது. ஆண் கலமேறுகிறான், பெண் கரையில் இரங்குகிறாள். நெய்தலின் உரிப்பொருளே இரங்கல்தான். மணிமேகலையில் சாதுவன் கலம் கவிழ்ந்து நாகர் நாட்டுக் கரையில் ஒதுங்குகிறான். அவன் இறந்தான் என்று கேட்ட ஆதிரை இங்கே தீப்புகத் துணிகிறாள். கடலின் அனுபவம் அவனுக்கு, அதன் துயரம் அவளுக்கு என்று பங்கு பிரித்தாயிற்று.

பிற்காலத்தில் தமிழ்ப் பெண்கள் கடல் கடக்கவே இல்லையா? கடந்தார்கள். தோட்டக் கூலிகளாக நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்கும், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கும் ஆயிரமாயிரமாகக் கணவனோடும் குழந்தைகளோடும் கடந்தார்கள். ரஜுலா கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் பினாங்கும் சிங்கப்பூரும் போனார்கள். ஆனால் அதை உல்லாசம் என்று யாரும் அழைக்கவில்லை. அவர்கள் எந்தத் துறையில் இறங்குவது என்பதைக் கங்காணியோ முதலாளியோ குடும்பத்து ஆணோதான் தீர்மானித்தார்கள். ஆக, ஒரு தமிழ்ப் பெண்ணும் ஆணும் இருவருடைய சம்பாத்தியத்திலும் சீட்டெடுத்து, இருவரும் கூடிப் பேசி, மகிழ்ச்சிக்காக மட்டுமே கடலுக்குள் போவது நம் சமூக வரலாற்றில் மிகப் புதிய நிகழ்ச்சி. இதைக் கேலி செய்பவர்களுக்கு வரலாறு தெரியவில்லை. இவ்வளவு காலம் கழித்துக் கிடைத்த தேர்வுரிமையை அறையின் பால்கனிக்கும் மதுக் கோப்பைக்கும் மட்டும் செலவிடச் சொல்பவர்களுக்கோ வரலாறு தேவையே இல்லை. என் சண்டை முக்கியமாக இந்த இரண்டாமவர்களோடுதான்.

சில மாதங்களுக்கு முன் என்னிடம் முன்பு படித்த மாணவி ஒருத்தி கணவனோடு கல்லூரிக்கு வந்திருந்தாள். "சார், ரெண்டு பேருக்கும் இதுதான் முதல் தடவை. எதை எடுக்கலாம்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்று ஒரு தாளை நீட்டினாள். அழகாகக் கட்டம் போட்டு ஐந்து பயணங்களை ஒப்பிட்டிருந்தார்கள். அறையின் பரப்பளவு, ஜன்னல் உண்டா, எத்தனை உணவகங்கள், இரவு நிகழ்ச்சிகள், குளிர்பானம் இலவசமா, ஒருவருக்கு என்ன விலை என்று பதினொரு பத்திகள். துறைகளுக்கு ஒரு பத்தி இல்லை. ஐந்து பயணங்களில் ஒன்று எந்தத் துறையையும் தொடாமல் நடுக்கடல்வரை போய்த் திரும்புவது. அதைச் சுட்டிக்காட்டியபோது அந்த இளைஞன் வியப்போடு, "கப்பல்ல எல்லாமே இருக்கே சார்" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் பார்த்த எல்லா விளம்பரங்களும் அவனுக்குக் கற்றுக்கொடுத்த வாக்கியம் அது. கப்பலில் எல்லாமே இருக்கிறது என்றால் கப்பல் எதற்காகப் புறப்பட வேண்டும் என்று கேட்கத்தான் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

உல்லாசக் கடற்பயணத்தின் கதை இப்படித் தொடங்கவில்லை. 1891 ஜனவரியில் ஹாம்பர்க்–அமெரிக்கா நிறுவனத்தின் ஆல்பர்ட் பாலின், தம் அகஸ்டா விக்டோரியா கப்பலை மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் கிடைப்பதில்லை; சும்மா நிற்கும் கப்பலுக்கு வேலை வேண்டும். நோக்கம் வணிகந்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் விற்ற சரக்கு துறைகள். அலெக்சாந்திரியா, கான்ஸ்டாண்டிநோபிள் என்று சென்ற அந்தப் பயணம் ஏறத்தாழ இரண்டு மாதம் நீடித்தது. கப்பல் என்பது ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும்வரை தங்குமிடம். ஊரே பயணத்தின் பொருள்.

இன்றைய நிலைக்கு வருவோம். 2024 ஜனவரியில் கடலில் இறங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் என்ற கப்பலின் மொத்த டன் அளவு 2,48,663. இருபது தளங்கள், உச்ச அளவாக ஏறத்தாழ 7,600 பயணிகள். அதன் நடுவில் மரஞ்செடிகள் வைத்த ஒரு பூங்கா இருக்கிறது. அந்தப் பூங்காவைப் பார்த்தபடி அறைகளும், அவற்றுக்குப் பால்கனிகளும் இருக்கின்றன. கடலுக்கு நடுவே போய், கடல் தெரியாத பால்கனிக்குத் தனிக் காசு! இதைக் கண்டுபிடித்தவர்களின் வணிகத் திறமையை நான் மனமார வியக்கிறேன்.

ஏன் இப்படி ஆயிற்று? காரணம் கணக்குப் புத்தகத்தில் வெளிப்படையாகவே இருக்கிறது. உலகின் மிகப்பெரிய சொகுசுக் கப்பல் குழுமமான கார்னிவலின் 2023ஆம் ஆண்டு வருவாய் சுமார் 2,160 கோடி டாலர். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சீட்டு விற்றுக் கிடைத்ததன்று. கப்பலில் ஏறிய பிறகு மது, சூதாட்டம், கடைகள், சிறப்பு உணவகங்கள், கரைச் சுற்றுலா ஏற்பாடுகள் முதலியவற்றால் வந்தது. சீட்டு விலையைத் தாழ்த்தி ஆளை ஏற்றிவிட்டு, ஏறியபின் செலவழிக்கச் செய்வதே இந்தத் தொழிலின் இயக்கம். நீங்கள் கரையில் இறங்கி ஒரு தெருவோரக் கடையில் இளநீர் குடிக்கும் நேரம் கப்பலின் கல்லாவுக்கு நட்டம். துறைமுகத்தில் நிற்கும்வரை சூதாட்டக்கூடம் பொதுவாகப் பூட்டியே கிடக்கும். ஆகவே கப்பலும் துறையும் இந்த வணிகத்தில் போட்டியாளர்கள். துறையைச் சுருக்கினால் கப்பல் கொழிக்கும்.

இந்தப் போட்டியின் தர்க்கபூர்வமான முடிவு, துறையையே கப்பல் நிறுவனம் வைத்துக்கொள்வது. ஹெய்ட்டியின் வடகரையில் உள்ள லபாடி அப்படிப்பட்ட, குத்தகைக்கு எடுத்து வேலியிட்ட ஒரு கடற்கரை. 2010 ஜனவரியில் நிலநடுக்கம் அந்நாட்டைச் சிதைத்துப் போட்ட சில நாட்களிலேயே உல்லாசப் பயணிகள் அந்தக் கரையில் இறங்கினார்கள். கப்பல்கள் நிவாரணப் பொருள்களையும் கொண்டுவந்தன. வராவிட்டால் அங்கு வேலை செய்யும் ஹெய்ட்டியர்களுக்கு அந்த வருமானமும் இல்லாமற்போகும் என்ற வாதமும் எழுந்தது. அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பவர் எந்த நாட்டில் நிற்கிறோம் என்பதே தெரியாமல் ஊஞ்சலாடித் திரும்ப முடிகிறது என்ற உண்மை அப்படியேதான் இருக்கிறது.

மறுபக்கம், வேலியில்லாத ஊர்கள் வாய் திறக்கத் தொடங்கிவிட்டன. 2021 ஆகஸ்டு முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸின் ஜுதெக்கா கால்வாய்க்குள் நுழையக் கூடாதென்று இத்தாலி தடை விதித்தது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துச் சிற்றூரான பார் ஹார்பரில், நாளொன்றுக்குக் கப்பலிலிருந்து இறங்குவோர் ஆயிரம் பேருக்கு மேற்படக் கூடாதென 2022இல் ஊர் மக்கள் வாக்களித்தார்கள். அலாஸ்காவின் ஜூனோ, 2024 முதல் நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்று உடன்பாடு செய்துகொண்டது. விருந்தினர் வேண்டாம் என்று இந்த ஊர்கள் சொல்லவில்லை. நான்கு மணிநேரம் தெருவை அடைத்துவிட்டுச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பிவிடும் கூட்டத்தை விருந்தினர் என்று அழைக்க அவர்களால் முடியவில்லை, அவ்வளவே. விருந்தோம்பலைப் பற்றி ஓர் அதிகாரமே வைத்திருக்கும் மொழிக்காரர்களுக்கு, விருந்தினனாக இருப்பதற்கும் ஓர் ஒழுக்கம் உண்டு என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி நம் கரைக்கு வருவோம். 2022 ஜூன் 4 அன்று தமிழக முதல்வர் மு.க.ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து, கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலை வழியனுப்பினார். 1990இல் நார்டிக் எம்பிரஸ் என்ற பெயரில், மூன்று நான்கு இரவுச் சிறு பயணங்களுக்கென்றே வடிவமைக்கப்பட்ட கப்பல் அது. அந்த மாதமே புதுச்சேரி அரசு அதற்கு அனுமதி மறுத்தது. சூதாட்டம், மது, பண்பாட்டுச் சீரழிவு என்று பெரிய விவாதம் நடந்தது. 2025 ஜூலையில் அதே கப்பல் புதுச்சேரிக் கடலில் நங்கூரமிட்டுப் பயணிகள் படகுகளில் கரைக்கு வந்தபோதும் அதே விவாதம், அதே சொற்கள். எதிர்த்தவர்கள் கப்பலுக்குள் என்ன நடக்கிறது என்று பேசினார்கள். ஆதரித்தவர்கள் கப்பலால் என்ன வருமானம் என்று பேசினார்கள். வந்திறங்கியவர்கள் அந்த ஊரில் எதைப் பார்த்தார்கள், யாரிடம் பேசினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மீண்டும் கப்பல், கப்பல், கப்பல்.

இவ்விரண்டு சர்ச்சைகளுக்கும் இடையில் ஒன்று நடந்தது. 2023 ஜூனில் அந்தக் கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியவை அதன் துறைகள். இந்த மூன்றாவது பெயரை நம் விளம்பரங்கள் எப்படி அறிமுகப்படுத்தின என்று தேடிப் பார்த்தேன். நான் கண்டவற்றில், அறைகளின் வகைகளுக்குப் பல படங்கள். காங்கேசன்துறைக்கு ஒரு வரி.

அந்தத் துறையின் பெயருக்கு, காங்கேயனாகிய முருகனின் திருவுருவம் வந்திறங்கிய துறை என்று வழிவழியாகக் காரணம் சொல்கிறார்கள். அவ்வுருவம் போய்ச் சேர்ந்த மாவிட்டபுரமும், நோய் தீர்க்கும் நீர்நிலை என்று புகழ்பெற்ற கீரிமலையும் அருகிலேயே இருக்கின்றன. 1950இல் தொடங்கி அந்த வட்டாரத்துக்கே சோறுபோட்ட சிமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றது. அதே 1990இல் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கின் மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, அவர்களுடைய வீடும் கிணறும் கோயிலும் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 2009க்குப் பிறகு நிலங்கள் துண்டு துண்டாகத் திருப்பித் தரப்பட்டன. எல்லாம் இன்னும் திரும்பவில்லை. 2015 ஜனவரியில்தான் யாழ்தேவி மறுபடியும் காங்கேசன்துறை வரை ஓடியது. அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டரில் யாழ்ப்பாணம்; 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த நூலகம். இன்னும் தள்ளிப் போய்க் குறிகட்டுவானில் படகேறினால் நயினாதீவு; மணிமேகலையின் மணிபல்லவம் இதுவே என்று கொள்ளும் அறிஞர்கள் பலர்.

ஒரு தமிழ்த் தம்பதியின் முதல் கடற்பயணத்துக்கு இதைவிடப் பொருள் செறிந்த துறை உலகில் எங்கே இருக்கிறது? நீங்கள் பேசும் மொழியையே வேறொரு இசையில் பேசுபவர்கள், நீங்கள் கப்பலிலிருந்து இறங்கும் கரையில் முப்பது ஆண்டுகளாகத் தம் வீட்டு வாசலுக்குப் போகக் காத்திருந்தவர்கள். அவர்களில் ஒருவரோடு ஒரு தேநீர் குடிக்கும் நேரம் பயணத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் தேர்வு. அந்த நேரம் இல்லாத பயணத்தில் நூலகம் ஒரு படப்பின்னணியாகவும், கீரிமலை ஒரு குளியலாகவும் முடிந்துபோகும்.

கப்பலைத் தேர்வது என்பது அறையைத் தேர்வதைவிடப் பெரிய காரியமாக இருந்த காலம் இதே கடலில் இருந்தது. 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டார். பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம் கட்டணத்தைச் சரசரவென்று குறைத்தது. மலிவான கப்பல் பக்கத்திலேயே நிற்க, சுதேசிக் கப்பலுக்குச் சீட்டு வாங்கிய சாதாரண மக்கள், சீட்டு என்பது ஒரு நிலைப்பாடு என்பதை அறிந்திருந்தார்கள். சில ஆண்டுகளில் அந்நிறுவனம் வீழ்த்தப்பட்டது வேறு கதை. தூத்துக்குடி–கொழும்புத் தடத்தில் 2011 ஜூனில் மறுபடி தொடங்கிய பயணிகள் கப்பலும் அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோயிற்று. சிறு வணிகர்களுக்கும் உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்குமான கப்பல்கள் இந்தக் கடலில் நிலைக்கத் தடுமாறும்போது, உல்லாசக் கப்பலுக்கு மட்டும் கொடியசைக்கக் கைகள் நீள்வதை நாம் கவனிக்க வேண்டாமா?

இங்கே ஒரு மாற்றையும் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14இல் பயணிகள் கப்பல் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டு 16இல் சிவகங்கை என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. நடுவிலுள்ள தூரம் ஏறத்தாழ 60 கடல்மைல். சுமார் நான்கு மணிநேரம். பருவக்காற்றுக் காலத்தில் தடைபடும். அதில் நீச்சல்குளமும் இல்லை, நடன அரங்கும் இல்லை. ஆனால் இறங்கியபின் எத்தனை நாள் தங்குவது என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். சொகுசுக் கப்பலுக்கு ஒதுக்கிய மூன்று நாளையும் அந்தக் கரையிலேயே செலவிடலாம். கடலும் கிடைக்கும், துறையும் கிடைக்கும். தேர்வுப் பட்டியலில் இதற்கும் ஒரு வரி இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

"நாங்கள் ஓய்வெடுக்கப் போகிறோம், வரலாற்றுப் பாடம் கேட்க அல்ல" என்று இளையவர்கள் சொன்னால், அதில் நியாயமுண்டு. ஓய்வை நான் மறுக்கவில்லை. சொகுசுக் கப்பலில் போகாதீர்கள் என்றும் இந்தக் கட்டுரையில் எங்குமே சொல்லவில்லை. கப்பலில் இரண்டு இரவு உறங்கி எழுவதும், நடுப்பகலில் ஒரு புது ஊரில் கைகோத்து நடப்பதும் ஒன்றுக்கொன்று பகை என்று நம்ப வைத்தவர்களைத்தான் எதிர்க்கிறேன். "கடலைப் பார்ப்பதே போதும்" என்பவர்களுக்கும் என் மரியாதை உண்டு. அவர்கள் விடியற்காலையில் திறந்த தளத்துக்கு வந்து நிற்கட்டும். அந்தக் காட்சி எல்லாச் சீட்டுக்கும் பொது. அதற்குப் பால்கனிக்காரர், ஜன்னலில்லாத அறைக்காரர் என்ற சாதிப்பிரிவு கிடையாது.

ஆகவே முகவரின் முன் உட்காரும்போது கேட்க வேண்டிய கேள்விகளின் வரிசையை மாற்றுங்கள். முதலில் துறைகளின் பெயர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு துறையிலும் எத்தனை மணிக்கு இறங்கலாம், எத்தனை மணிக்குள் ஏற வேண்டும் என்று கேளுங்கள். கப்பல் மேடையிலேயே கட்டப்படுமா, தள்ளி நங்கூரமிட்டுச் சிறுபடகில் கொண்டுபோவார்களா என்று கேளுங்கள். படகென்றால் வரிசையில் நிற்பதிலேயே உங்கள் நேரத்தில் ஒரு பங்கு போகும். துறைமுகத்திலிருந்து ஊர் எவ்வளவு தூரம், நிறுவனத்தின் பேருந்தை விட்டுத் தனியாகப் போய்வர இயலுமா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அயல்நாட்டுத் துறையென்றால் கடவுச்சீட்டும் அந்நாட்டின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும்.

இவ்வளவும் ஒத்துவந்தால் மட்டும் அறைக்கு வாருங்கள். கடல் ஒவ்வாமை இருக்குமோ என்ற பயமிருந்தால் கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதி அறையைக் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு. அறிவிக்கப்படும் விலை, இருவர் ஓர் அறையைப் பகிரும்போது ஒருவருக்கானது என்பதை மறவாதீர்கள். வரி, துறைமுகக் கட்டணம், பணியாளருக்கான அன்பளிப்புத் தொகை ஆகியவை அதில் அடங்குமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மிஞ்சும் பணம் துறையில் செலவாகட்டும்.

அன்பளிப்பு என்றதும் ஒன்று. அந்தத் தொகை கருணை அன்று. பெரும்பாலான சொகுசுக் கப்பல்கள் பஹாமாஸ், பனாமா, மால்டா போன்ற நாடுகளின் கொடியின்கீழ் ஓடுபவை. பணியாளர்களோ நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து மாதக்கணக்கான ஒப்பந்தத்தில் வருபவர்கள். 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அவர்களுக்கு அனுமதிக்கும் உச்ச வேலைநேரமே ஒரு நாளைக்கு 14 மணி, வாரத்துக்கு 72 மணி. உங்கள் படுக்கை விரிப்பைத் துண்டால் அன்னமாக மடித்து வைத்துப் போகிறவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவரும் மனைவியைக் கரையில் விட்டுவிட்டு வந்த சாதுவன்தான்.

என் மாணவியின் தாளில் பன்னிரண்டாவது பத்தியாகத் 'துறை' என்று எழுதிக் கொடுத்தேன். அவர்கள் அதன்பின் எதைத் தேர்ந்தார்கள் என்பது அவர்கள் பாடு. ஆசிரியன் அதற்குமேல் மூக்கை நுழைக்கலாகாது. இந்தக் கட்டுரையைப் படிக்கும் இலக்கிய நண்பர்களிடம் கேட்பதற்குத்தான் எனக்குக் கேள்வி இருக்கிறது. முகம் சுளிப்பதை விட்டுவிட்டு, காங்கேசன்துறையைப் பற்றியும் திருகோணமலையைப் பற்றியும் ஓர் இளம் தம்பதி கையில் எடுத்துப் போகத்தக்க பத்துப் பக்கங்களை நம்மில் யாராவது எழுதியிருக்கிறோமா? கடலோடிகளின் வழித்தோன்றல் என்று மேடைதோறும் முழங்கும் ஒரு சமூகம், தன் பிள்ளைகள் முதன்முறையாகக் கடலுக்குப் போகும்போது கையில் கொடுத்தனுப்ப ஒரு துறையின் கதைகூட இல்லாமல் நிற்கிறது. அந்த வெற்றிடத்தில்தான் முகவரின் வண்ணப் படங்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை எழுப்ப வேண்டுமென்றால், உட்காரத் தகுந்த வேறொன்றை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.